களியக்காவிளையைத் தாண்டி வருமா? ஓர் ஊரின் தொற்றுநோய் இடரை எடைபோடும் விதம்

"கேரளத்தில் நிபா" என்ற வரி டிவியின் அடியில் ஓடத் தொடங்கினால் போதும், மார்த்தாண்டத்துச் சித்தியிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும். போன தடவை பேசியது இப்படிப் போனது:

"மக்களே, நம்ம மரத்து ரம்புட்டான் திங்கலாமா வேண்டாமா?"

"வௌவால் கடிச்சது இல்லாமப் பாத்து, கழுவித் தின்னுங்க சித்தி. வீட்டுல எல்லாருக்கும் சொகந்தானே?"

"சின்னவனுக்கு நாலு நாளாப் பனி. ரத்தம் பாத்ததுல டெங்குன்னு சொன்னாவ. அது கெடக்கட்டு, நீ ரம்புட்டான் விஷயத்தச் சொல்லு."

விளவங்கோட்டுப் பக்கம் பனி என்றால் காய்ச்சல். நிபா என்பது பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய வைரஸ் நோய்; ரம்புட்டான் கேள்வி அதனால்தான். வீட்டுக்குள்ளேயே டெங்கு படுத்திருக்கிறது. சித்தியின் பயமோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கோழிக்கோட்டில் இருக்கிறது. இதில் சித்தியைக் கேலி செய்ய எதுவுமில்லை. படித்தவர்கள் பேசுவதும் இப்படித்தான். "குமரிக்கு அபாயம்" என்று ஒருவர் சொல்கிறார், "இங்கெல்லாம் வராது" என்று இன்னொருவர் சொல்கிறார். வருமா என்பது ஒரு கேள்வி. வந்தால் பரவுமா என்பது வேறு. பரவினால் யாரைத் தாக்கும், எத்தனை நாளில் நமக்குத் தெரியவரும் என்பவையும் தனித்தனிக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அபாயம் என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் பேச்சு குழம்பிப்போகிறது. அந்தச் சிக்கலை, களியக்காவிளையில் கேரள எல்லையைத் தொடும் நம் குமரி மாவட்டத்தை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

## கள்ளக்கடலிலிருந்து தொடங்குவோம்

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் காற்று கிடையாது, மழை கிடையாது, வானம் வெளுத்துக் கிடக்கும். திடீரென்று கடல் பொங்கித் தெருவுக்குள் வந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எப்போதோ அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நாள்கணக்கில் வந்து நம் கரையில் மோதுகிறது. வருவது தெரியாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர்.

அதே அலை இரண்டு ஊர்களில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல்சுவர்) இருக்கிறது, வீடுகள் மேட்டில் இருக்கின்றன. மற்றதில் வீட்டு வாசலே மணல்தான். ஒன்றில் முந்தின நாள் மாலையே கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள், மற்றதில் யாரும் சொல்லவில்லை. அலை ஒன்றுதான். விடிந்ததும் இரண்டு ஊரும் ஒரேபோல் இருக்குமா?

தொற்றுநோய்க் கணக்கும் இதுவே. அலையின் இடத்தில் கிருமியை வையுங்கள். அதை ஆபத்துக் காரணி என்போம். வீடு கரையை ஒட்டி இருப்பது போல, மக்கள் அந்தக் கிருமியின் பாதையில் இருப்பது ஆட்படுதல். மண்சுவரும் தனியாகப் படுத்திருக்கும் முதியவரும் எளிதில் அடிபடுவது போல, தடுப்பூசி போடாத குழந்தையோ சர்க்கரை நோயாளியோ எளிதில் அடிபடும் நிலைக்கு நலிவு என்று பெயர். முன்னறிவிப்பு, வண்டி, மருத்துவமனை, பரிசோதனைக் கூடம் எல்லாம் சேர்ந்தது தாங்குதிறன். இந்த நான்கையும் ஒன்றாக எடைபோட்டால் கிடைப்பதுதான் இடர்.

ஆகவே "நிபா கொடிய நோய்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் நான்கில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான், ஆனாலும் கால்வாசிதான். மற்ற மூன்றும் ஊருக்கு ஊர் மாறும்.

## ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு?

வாட்ஸ்அப்பில் ஒரு புரளி வருகிறது. பார்க்கிற ஒவ்வொருவரும் இரண்டு பேருக்கு அனுப்பினால், பத்தாவது சுற்றில் மட்டும் அது 1,024 பேரிடம் போய்ச் சேரும். பார்ப்பவர்களில் பாதிப்பேர் மட்டும், அதுவும் ஆளுக்கு ஒருவருக்கே அனுப்பினால், நாலைந்து சுற்றில் தானாகவே செத்துவிடும். நோய்க்கும் இப்படி ஓர் எண் உண்டு. யாருக்கும் முன்பே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பதே பரவல் எண். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் வளரும், கீழே இருந்தால் அணையும்.

நம் பாட்டிமார் மணல்வாரி என்று சொன்ன தட்டம்மைக்கு இந்த எண் 12 முதல் 18 வரை. நிபாவுக்கு ஒன்றுக்கும் கீழே. கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். எல்லோரும் அலட்சியமாகப் பேசும் நோய் காட்டுத்தீபோலப் பரவுகிறது, எல்லோரும் நடுங்கும் நோயோ ஊரில் பரவத் திணறுகிறது.

நிபா திணறும், சரி. ஆனால் 2018இல் கோழிக்கோட்டில் நடந்தது என்ன? பரிசோதனையில் உறுதியான 18 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். முதல் நோயாளியைத் தவிர மற்றவர்களுக்கு நோய் வௌவாலிடமிருந்து நேரடியாக வரவில்லை, மனிதரிடமிருந்து வந்தது. அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைக்குள். இன்ன நோய் என்று தெரியாத ஒருவர் இருமிக்கொண்டே வார்டிலும் ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் இருந்திருக்கிறார். என்ன நோய் என்று தெரிந்த பிறகு தனிமைப்படுத்தலும் பாதுகாப்பு உடையும் வந்தன, சங்கிலி அறுந்தது. அதன்பின் 2019, 2021, 2023, 2024 என்று கேரளத்தில் நிபா திரும்பத் திரும்பத் தலைகாட்டியபோதும், ஒருவரோடு அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு நின்றுபோனது. கிருமி சாதுவாகிவிடவில்லை. மருத்துவர்கள் சந்தேகப்படக் கற்றுக்கொண்டார்கள். தாங்குதிறன் என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பழந்தின்னி வௌவால்கள் குமரியிலும் உண்டு. ஆகவே இங்கே நிபா வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. நேர்வதற்கான வாய்ப்பு குறைவு, நேர்ந்தால் விளைவு மிகப் பெரிது. டெங்குவுக்கு வாய்ப்பு மிக அதிகம், பெரும்பாலோருக்கு விளைவு மிதம், சிலருக்கு உயிராபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் இடர் மதிப்பீடும் இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத்தான் பார்க்கிறது: நேர்வதற்கான வாய்ப்பு ஒரு பக்கம், நேர்ந்தால் ஆகும் விளைவு இன்னொரு பக்கம்.

மூளையைத் தாக்கும் அமீபா இங்கே குறுக்கே வந்து நிற்கும். 2024இல் கேரளத்தில் அடுத்தடுத்துப் பலரைத் தாக்கியபோது "எல்லை தாண்டிப் பரவுது" என்று பேசிக்கொண்டார்கள். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அசுத்தமான நன்னீர் மூக்கு வழியாக உள்ளே போனால்தான் வரும். எல்லைச் சோதனைச் சாவடியில் நெற்றிச்சூடு பார்த்து அதைப் பிடிக்க முடியாது. பார்க்க வேண்டிய இடம் நாம் முங்கிக் குளிக்கும் குளம்.

இதுவரை பார்த்ததில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். கொடுமை வேறு, பரவும் வேகம் வேறு. ஒரு நோயின் இடர் அந்த நோயில் மட்டும் இல்லை, அது வந்து விழும் ஊரிலும் இருக்கிறது.

## மாவட்டம் ஒன்று, நிலம் மூன்று நான்கு

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் ஒரே மாவட்டத்தில் என்று மேடைதோறும் நாம் பெருமைப்பட்டுக்கொள்வோம். நோய்க்கும் அதே பெருமை உண்டு. சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள், 2011 கணக்கெடுப்பின்படி 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கும் மேல். தமிழகச் சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நெருக்கம். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மற்ற பல மாவட்டங்களில் கொசுவுக்கு ஒரு சீசன் என்றால் நம்மூரில் அதற்கு இரண்டு தீபாவளி.

மேற்கே ரப்பர்த் தோட்டம். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். பால் வெட்டு நின்றிருக்கும். மரத்துக்கு ஒரு சிரட்டை, அல்லது பிளாஸ்டிக் கப், கம்பியில் வாய் மேலே பார்த்தபடி தொங்கும். ஒரு சிரட்டையை அசைக்காமல் எட்டிப் பார்த்தால், இரண்டு விரற்கடைத் தண்ணீர், அடியில் காய்ந்த ரப்பர்ப் பால், ஓர் இலைத்துண்டு, அவ்வளவுதான் என்று தோன்றும். கையை மேலே கொண்டுபோய் நிழல் விழச் செய்யுங்கள். நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புத் துணுக்குகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். ஒரு நிமிடம் பொறுத்தால், மூச்சுவிட ஒவ்வொன்றாக மேலே வரும். அவைதான் ஏடிஸ் இனக் கொசுவின் புழுக்கள். ஒரு ஏக்கரில் எத்தனை மரமோ அத்தனை சிரட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன விவரம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சுமக்கும் ஏடிஸில் முக்கியமாக இரண்டு வகை. ஏடிஸ் எஜிப்டி வீட்டுக்குள், தொட்டியிலும் குடத்திலும் வளர்வது. ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசு, தோட்டம் துரவில் வளர்வது. 2006இல் தென்னிந்தியாவைச் சிக்குன்குனியா முடக்கிப் போட்டதை நாற்பது தாண்டியவர்கள் மூட்டுகளில் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். 2007இல் கேரளத்தில் பரவிய வைரஸில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம் ஏற்பட்டிருந்தது. அந்த மாற்றத்தால் அது புலிக்கொசுவுக்குள் முன்பைவிட நன்றாகப் பெருகியது. நகரத்துக் கொசுவை நம்பியிருந்த நோய்க்கு ரப்பர்க் காட்டின் கதவு திறந்துவிட்டது. அதே வைரஸ் ரப்பர் இல்லாத மாவட்டத்துக்கு வந்திருந்தால் இவ்வளவு ஆடியிருக்காது. வட்டார இடர் என்று தனியாக ஒன்றை ஏன் கணக்கிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சிரட்டையைத்தான் காட்டுவேன்.

கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல். அங்கே கதை எலியிடம் இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத் தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சிறு வெட்டு வழியாக உடம்புக்குள் போகிறது. மேற்கே இதை எலிப்பனி என்றும் சொல்வார்கள். நாற்று நடுபவர், ஓடை தூர் வாருபவர், தோட்ட வேலைக்காரர் ஆகியோர்தான் முதலில் ஆட்படுவோர். 2021 நவம்பரில் மாவட்டமே மிதந்ததே, அப்படி ஒரு வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். வயலில் நின்றவருக்கு இருந்த ஆட்படுதல், முழங்கால் தண்ணீரில் கடைக்குப் போனவருக்கும் வந்துவிடுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரத் துறை தடுப்பு மாத்திரை கொடுப்பது அதனால்தான். வெயில் வந்தாயிற்றே, இனி எதற்கு என்று அதைத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

தெற்கே கடற்கரை. வீடுகள் சுவரோடு சுவர். குடிதண்ணீர் நாள் விட்டு நாள் வரும் இடங்களில் பிடித்து வைத்தே ஆகவேண்டும், பிடித்து வைத்தால் கொசு. கரையில் ஏற்றிப் போட்ட வள்ளங்களுக்குள் மழைநீர். "தண்ணியத் தேக்காதீங்க" என்று மைக்கில் சொல்வது எளிது. குழாயில் தினமும் தண்ணீர் வராத வீட்டுக்காரி அதைக் கேட்டு என்ன செய்வாள்?

## வண்டியேறி வருவது

அலை வெளியிலிருந்து வருவது போலக் கிருமியும் பல நேரம் பயணம் செய்துதான் வருகிறது. ஆகவே அடுத்துப் பார்க்க வேண்டியது போக்குவரத்து.

2021 ஜூலையில் கேரளத்தில் ஜிகா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த முதல் நோயாளி எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்தவர். களியக்காவிளையிலிருந்து அது கூப்பிடு தூரம். ஜிகாவைச் சுமப்பதும் அதே ஏடிஸ்தான். அந்தக் கொசுவுக்குத் தமிழகம், கேரளம் என்ற பேதம் தெரியாது. ஆனால் அது சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டிப் போகிறவர் பெரும்பாலும் மனிதர். காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர், பாறசாலையில் பெண் கொடுத்தவர், நெய்யாற்றின்கரையில் வைத்தியம் பார்க்கிறவர். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லையைத்தான் மாற்றினார்கள், சம்பந்தங்களை மாற்றவில்லை.

இன்னும் சில பாதைகள் உண்டு. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியிலும் குஜராத்திலும் தங்கித் தொழில் செய்கிறார்கள். மலேரியா உள்ள துறைமுகத்திலிருந்து ஒருவர் ரத்தத்தில் ஒட்டுண்ணியோடு ஊருக்கு வந்து, அவரை உள்ளூர் அனோபிலிஸ் கொசு கடித்தால், நோய் ஊரில் வேர்விட வழி கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம் கன்னியாகுமரி வழியாகப் போகும். வடகிழக்குப் பருவமழையின் கொசுவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை. கூட்டம் கூடினாலே நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. எங்கிருந்து வருகிறார்கள், அங்கே என்ன நோய் ஓடுகிறது, இங்கே அதைச் சுமக்க ஆள் இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சுமக்கும் கொசு இல்லாத ஊருக்கு டெங்கு நோயாளி வந்தால் அவர் வெறும் நோயாளி. கொசு உள்ள ஊருக்கு வந்தால் அவர் விதை.

## மழையிலிருந்து காய்ச்சல் வரை ஒரு மாதம்

டெங்குவின் நாள்காட்டியைப் போட்டுப் பார்ப்போம், மதிப்பீடு என்பது எவ்வளவு நடைமுறையான வேலை என்று புரியும்.

ஏடிஸின் முட்டை, தண்ணீர் இல்லாமல் காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் கிடக்கும். மழை நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். அது ஒரு டெங்கு நோயாளியைக் கடித்த பிறகும் உடனே நோயைப் பரப்ப முடியாது. வைரஸ் கொசுவின் உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வர, நம்மூர் வெப்பத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பிறகு அது ஒருவரைக் கடித்தால் அவருக்குக் காய்ச்சல் காண நான்கிலிருந்து பத்து நாள். கூட்டுங்கள். மழை பெய்து மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் வரிசை நீளும்.

வரிசை நீண்ட பிறகு தெருவில் புகை அடிக்கும் வண்டி வரும். அதைப் பார்த்தால் நமக்கு ஒரு திருப்தி. ஆனால் புகை அன்று பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும், சிரட்டைக்குள் நெளிவதைத் தொடாது. இன்று நாம் காணும் காய்ச்சல், போன மாதத்துச் சிரட்டையின் கணக்கு. இன்றைய சிரட்டையின் கணக்கு அடுத்த மாதம் வரும். நோயாளி எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர், பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வில்லுக்குறி வளைவில் வண்டி ஓட்டுகிறவர் மாதிரி. அதனால்தான் நோயாளியை எண்ணுவதற்கு முன்பே புழுவை எண்ணுகிறார்கள்.

எண்ணும் முறை எளிது. நூறு வீட்டைச் சோதித்து எட்டு வீட்டில் கொசுப்புழு கிடைத்தால், வீட்டுக் குறியீடு 8. அதே நூறு வீட்டில் புழு இருந்த பாத்திரங்களை எண்ணினால் பதினைந்து என்றால், பிரெட்டோ குறியீடு 15. பிரெட்டோ ஐந்துக்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. அது முதலில் மஞ்சள் காய்ச்சலுக்கு வைத்த அளவு. டெங்கு அதற்குக் கீழேயும் பரவியிருக்கிறது.

சிங்கப்பூர்க் கதை இதில் சுவையானது. 1970களிலிருந்து கடுமையாக நடவடிக்கை எடுத்து வீட்டுக் குறியீட்டை இரண்டு சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். பதினைந்து வருடம் போல டெங்கு அடங்கிக் கிடந்தது. 1990களில் மறுபடி ஏறியது, இவ்வளவு குறைந்த கொசுவோடும். நோய் இல்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே புழு எண்ணிக்கையோடு, ஊரார் உடம்பில் பழைய நோயின் நினைவு எவ்வளவு என்பதையும் சேர்க்க வேண்டும். டெங்குவில் அது இன்னும் சிக்கல். வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருமுறை ஒரு வகை வந்தவருக்கு அடுத்தமுறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. எந்த ஊரில் எந்த வகை ஏற்கெனவே வந்துபோனது என்பதும் அந்த ஊரின் இடருக்குள் அடக்கம்.

## எண்கள் எப்படி ஏமாற்றும்

"அந்த மாவட்டத்துல எறநூறு கேஸ், நம்ம மாவட்டத்துல இருபதுதான்" என்று டீக்கடையில் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். இருநூறு கண்டுபிடித்த மாவட்டம் இரண்டாயிரம் பேருக்குப் பரிசோதனை செய்திருக்கலாம், இருபது கண்டுபிடித்தது எண்பது பேருக்கு. தேடினால்தான் கிடைக்கும். கேரளத்தில் நோய்கள் அதிகமாக "வருவதற்கு" ஒரு காரணம், அங்கே அதிகமாகத் தேடுகிறார்கள் என்பதுதான். பூஜ்யம் என்ற எண்ணைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வரும்.

நம் நாட்டில் 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் இருந்தன. வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர் சந்தேகத்தைப் பதிவது எஸ் படிவம், மருத்துவர் பார்த்துச் சொல்வது பி, ஆய்வகம் உறுதி செய்வது எல். இப்போது எல்லாம் கணினியில் போகிறது. ஆனால் காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் பால் வெட்டப் போனவர் இந்த மூன்றிலும் இல்லை. டெங்குத் தொற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் வெளியே தெரியும்படி நோயாகிறது என்பது 2013இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு. மீதிப்பேருக்கு வந்ததே தெரியாது, ஆனால் அவர்களைக் கடித்த கொசுவுக்குத் தெரியும்.

இன்னொன்று சராசரி. பேச்சுக்கு ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு 95 குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று என்று வைப்போம். அந்த நோய் பரவாமல் தடுக்க அந்த அளவுதான் வேண்டும். ஆனால் போடாத அந்த ஐந்து பேரும் ஊரெல்லாம் சிதறி இருந்தால் ஒரு கதை, ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தால் வேறு கதை. மாவட்டச் சராசரி பச்சையாக இருக்கும்போதே ஒரு தெரு பற்றி எரியலாம். எழுத்தறிவில் 91.75 சதவீதத்தோடு 2011இல் தமிழகத்தில் முதலிடம் என்று நாம் சொல்லிக்கொள்வதிலும் இதே ஓட்டை இருக்கிறது.

சுருக்கமாக: எத்தனை பேர் என்று கேட்கும் முன், எத்தனை பேரில், எத்தனை பேரைச் சோதித்து, எந்தத் தெருவில், எந்த வாரத்தில் என்று கேளுங்கள்.

## "குறைவு" என்றால் என்ன பொருள்?

இவ்வளவையும் சேர்த்து வல்லுநர்கள் கடைசியில் ஒரு சொல்லைத்தான் தருவார்கள்: குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம். அதோடு அந்த முடிவில் தங்களுக்கு எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்வது முறை. செய்திக்கு வரும்போது அந்தப் பாதி உதிர்ந்துவிடும். நல்ல தகவல் கையில் வைத்துக்கொண்டு "குறைவு" என்பதும், தகவலே இல்லாமல் "குறைவு" என்பதும் ஒன்றல்ல.

ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட நாளில் மழை பெய்யவில்லை என்றால் வானிலைக்காரரைத் திட்டுகிறோம் அல்லவா? அதே வசவு இங்கேயும் கிடைக்கும். குறைவு என்று சொன்ன நோய் வந்தால் "அன்னைக்கு வராதுன்னாங்களே". அதிகம் என்று சொல்லி, அதனாலேயே வேலை நடந்து, நோய் வராமல் போனால் "சும்மா பயங்காட்டினாங்க". 2017இல் ஒக்கிப் புயலை நேரில் கண்ட கடற்கரையில், எச்சரிக்கை தாமதமானால் என்ன விலை என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மதிப்பீடு ஒருமுறை எழுதி ஃபைலில் போடுவதும் அல்ல. மழை பெய்தால் மாறும், பக்கத்து மாவட்டத்தில் புதுவகை வைரஸ் வந்தால் மாறும், பள்ளி திறந்தால் மாறும்.

அந்தப் போனுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவன் தேறி, திண்ணையில் உட்கார்ந்து ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தான். நானும் அவனும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தோம். சிமெண்ட் தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மாட்டுத் தொழுவத்தின் பக்கம் ஒரு பழைய டயர், பின்னால் பதினெட்டு ரப்பர் மரம். ஃப்ரிட்ஜ் சுத்தம். கோழிச் சட்டி தினமும் கழுவுவதால் சுத்தம். டயரில் புழு, சிரட்டைகளில் ஏழில் புழு.

சித்தியிடம் கணக்கைச் சொன்னேன். "ஒரு வீடு பாத்தோம், ஒரு வீட்டுலயும் புழு. வீட்டுக் குறியீடு நூறு."

"நூத்துக்கு நூறா? அப்ப நான் பாஸா?"

ஒரே வீட்டை வைத்துச் சதவீதம் போடக்கூடாது என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். முதல் மரத்துச் சிரட்டையைக் கம்பியிலிருந்து எடுத்து, தண்ணீரைக் கொட்டி, கவிழ்த்து வைத்தாள். "பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்க தோட்டத்துல அம்பது மூடு ரப்பர் நிக்கு மக்களே," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "அங்க ஆரு போய்ச் சொல்லுகது?"